ஐந்தாம் நம்பர் கவுன்

'கன்ஃபைன்மென்ட்' என்று ஓர் ஆங்கில வார்த்தை உண்டு. அகராதியைப் புரட்டினால் இரண்டு அர்த்தம் போட்டிருக்கும். ஒன்று, அடைத்துவைத்தல். இன்னொன்று, பிரசவம். கைதிக்கும் கர்ப்பிணிக்கும் ஒரே வார்த்தை!

சும்மா வந்த பெயர் அல்ல. சுமார் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசதியான வீட்டுப் பெண்கள், வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் தெருவில் தலைகாட்டுவதை நிறுத்திக்கொள்வார்கள். விருந்து, கடைவீதி எல்லாம் 'கட்'. வீட்டுக்குள் தொளதொளவென்று ஒரு கவுன். தவிர்க்க முடியாமல் வெளியே போக வேண்டுமானால், பக்கவாட்டில் நாடா வைத்த கர்ப்பகால கார்செட். ஆமாம், வயிற்றில் பிள்ளையோடு கார்செட்!

ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அடைந்து கிடக்க அறை ஏது? பாவாடைக் கொக்கியை ரெண்டு இன்ச் தள்ளித் தைத்து, மேலே ஒரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனாள். அவளை யாரும் பார்க்கக் கூடாது என்று சமூகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நமக்கு இந்தச் சிக்கலின் முழு வீச்சும் புரிவது கொஞ்சம் கஷ்டம். புடவைக்கு சைஸ் கிடையாது. மூன்றாம் மாதமும் அதே ஆறு கஜம், ஒன்பதாம் மாதமும் அதே ஆறு கஜம். உள்பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். இறுக்கிப் பிடித்துத் தைத்த கவுன்களின் ஊரில் அப்படி முடியாது. ஒவ்வொரு மாதமும் உடம்பு ஒரு பக்கம் போகும், துணி இன்னொரு பக்கம் நிற்கும். கடையில் போய், 'கர்ப்பிணிக்கு ரெடிமேடாக ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்கவும் வழியில்லை.

இந்த நேரத்தில்தான் லேனா வருகிறார்.

லேனா ஹிம்மல்ஸ்டைன். லித்துவேனியாவில் பிறந்த யூதப் பெண். அப்பா, அம்மா இல்லை. 1895-ல் தூரத்து உறவினர்களோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்கள், தங்கள் மகனுக்கு அவரைக் கட்டிவைக்கும் திட்டத்தில் இருந்தார்கள் என்கிறது குடும்பக் கதை. மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. 'முடியாது' என்று சொல்லிவிட்டு, பெண்களின் உள்ளாடை தைக்கும் பட்டறையில் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு ஒரு டாலர். கை அத்தனை சுத்தம், அத்தனை வேகம். நாலே வருடத்தில் சம்பளம் வாரத்துக்கு 15 டாலர் ஆகிவிட்டது.

டேவிட் பிரையன்ட் என்ற நகை வியாபாரியோடு கல்யாணம். 1900-ல் ஒரு பையன் பிறந்தான். ரஃபேல் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் கணவரைக் காசநோய் கொண்டுபோய்விட்டது. கையில் மிச்சம், குழந்தையும் ஒரு ஜோடி வைரத் தோடும். 'பட்டறைக்குத் திரும்பிப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?' - இந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரே பதில்தான். வீட்டிலேயே ஏதாவது செய்ய வேண்டும். தோட்டை அடகுவைத்துத் தையல் மெஷின் வாங்கினார் லேனா.

1904-ல் ஃபிஃப்த் அவென்யூவின் வடக்குக் கோடியில் கடை பிடித்தார். வாடகை மாதம் பன்னிரண்டரை டாலர். முன்னால் கடை, பின்னால் வீடு. வங்கியில் படிவம் நிரப்பும்போது பதற்றத்தில் 'லேனா' என்பதை 'லேன்' என்று எழுதிவிட்டார். திருத்தச் சொல்லக் கூச்சம். அப்படியே விட்டுவிட்டார். எழுத்துப் பிழையே பெயராகிப்போனது. லேன் பிரையன்ட்!

அந்தக் கடைக்கு ஒருநாள் கர்ப்பிணி ஒருவர் வந்தார். வீட்டில் போட்டுக்கொள்ள அவருக்கு உடை வேண்டாம். 'தெருவில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி வேணும். பார்க்க லட்சணமாகவும் இருக்கணும், உடம்புக்குச் சௌகரியமாகவும் இருக்கணும்' என்றார்.

லேனா யோசித்தார். மேல்சட்டையையும் விசிறி மடிப்பு வைத்த பாவாடையையும் நடுவில் எலாஸ்டிக் பட்டியால் இணைத்தார். வயிறு வளர வளர எலாஸ்டிக் கொடுக்கும், மடிப்பு விரியும். அவ்வளவுதான் சமாசாரம். இன்றைக்கு நைட்டி தைப்பவர்கள்கூட 'இதுல என்ன பிரமாதம்?' என்பார்கள். ஆனால் கடை போட்டு விற்கப்பட்ட கர்ப்பகால உடைகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது இதுதான். விலைப்பட்டியலில் ஐந்தாவதாக இருந்ததால் 'ஐந்தாம் நம்பர்' என்று பெயர். விலை 18 டாலர்.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் விடாது. தையல் பட்டறையில் லேனா வாங்கிய உச்சபட்ச வாரச் சம்பளம் 15 டாலர். அதாவது, இந்த கவுனைத் தைக்கத் தெரிந்த பெண்ணால் அதை வாங்க முடியாது!

உடை தயார். ஆனால், விற்க வேண்டுமே? 'கர்ப்பிணி உடை' என்று விளம்பரம் போட பத்திரிகைகள் மறுத்தன. குடும்பத்தோடு படிக்கிற பேப்பராம்! 1909-ல் லேனா, ஆல்பர்ட் மால்சின் என்ற இன்ஜினீயரை மறுமணம் செய்துகொண்டார். நிர்வாகம் அவர் பொறுப்பு. தையலும் டிசைனும் லேனா கையில். விடாமல் முட்டி மோதி, 1911-ல் நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகையைச் சம்மதிக்க வைத்தார்கள். 'கர்ப்பிணி வீட்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டியதில்லை, எப்போதும்போல நாலு பேரோடு பழகலாம்' என்பதுதான் விளம்பரத்தின் சாரம். மறுநாள் கடையில் இருந்த சரக்கு அத்தனையும் காலி. ஒரே நாளில் 2,800 டாலர்!

தபால் வழி வியாபாரமும் சூடு பிடித்தது. கேட்லாக் பார்த்து ஆர்டர் செய்தால் வீட்டுக்கே பார்சல் வரும். கடைக்காரன் முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூசிய பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! 1917-ல் தபால் விற்பனை மட்டும் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பிறகு, பருமனான பெண்களுக்கான உடைகளில் இறங்கினார்கள். இன்றைக்கு லேன் பிரையன்ட் என்றால் அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிவது அதுதான். கடைக்குப் பின்னால் வளர்ந்த அந்தப் பையன் ரஃபேல், வளர்ந்து பெரியவனாகி அதே கம்பெனியின் தலைவராகவும் ஆனார். 

அடுத்த பாய்ச்சல் 1938-ல் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில். எல்ஸி ஃபிராங்க்ஃபர்ட் என்ற இளம்பெண், கணக்குப் பதிவியல் படித்தவர் (கோஷ்டி சேர்ந்துவிட்டோம்!). கர்ப்பமாக இருந்த அக்காவின் உடையைப் பார்க்கச் சகிக்கவில்லை. வயிறு தள்ளுவதால் பாவாடையின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பாவாடையின் முன்பக்கத்தில், வயிறு வரும் இடத்தில் ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, நாடா கட்டி, மேலே நீள ஜாக்கெட் போட்டு மறைத்தார். பாவாடை நேராக நின்றது. ஓட்டை வைத்த பாவாடைக்கு பேட்டன்ட்! 'பேஜ் பாய்' என்ற அந்த நிறுவனத்தில் பிற்பாடு சினிமா நட்சத்திரங்களெல்லாம் வாடிக்கையாளர்கள்.

தெருவில் நடக்க உடை கிடைத்துவிட்டது. டி.வி-யில் வரலாமா?

1952-ல் அமெரிக்காவே விழுந்து விழுந்து பார்த்த நகைச்சுவைத் தொடர் 'ஐ லவ் லூஸி'. கதாநாயகி லூஸில் பால் நிஜமாகவே கர்ப்பமானார். அவரை நாற்காலி, மேஜைக்குப் பின்னால் நிறுத்தி மறைத்துவிடலாமா என்றுகூட யோசனைகள் வந்தன. கடைசியில் கதையிலும் கர்ப்பம் என்று முடிவானது. ஆனால், ஒரு நிபந்தனை. 'பிரெக்னன்ட்' என்ற வார்த்தையை உச்சரிக்கக் கூடாது! ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத மதகுரு - மூன்று பேர் உட்கார்ந்து வசனங்களைச் சரிபார்த்தார்கள். நிகழ்ச்சியின் ஸ்பான்ஸர் யார் தெரியுமோ? பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி. புகை விடலாம், பிள்ளை பெறப்போவதைச் சொல்லக் கூடாது.

1953 ஜனவரி 19 அன்று லூஸிக்குக் குழந்தை பிறக்கும் காட்சியை சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். அன்றைக்கே லூஸில் பாலுக்கு நிஜத்திலும் மகன் பிறந்தான். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதை டி.வி-யில் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. இதில் எனக்குப் பிடித்த முரண் வேறு. திரையில் லூஸி ஓர் இல்லத்தரசி. திரைக்குப் பின்னால் அந்தத் தொடரைத் தயாரித்த கம்பெனியின் பங்குதாரர். அமெரிக்கா கண்கொட்டாமல் பார்த்தது, மாதக்கணக்கில் வயிற்றோடு வேலைக்கு வந்துபோன ஒரு பெண்ணை!

அதே 1952-ல்தான் கிளீவ்லேண்ட் நகரப் பள்ளிக்கூட வாரியம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. கர்ப்பமான டீச்சர், பிரசவத் தேதிக்கு ஐந்து மாதம் முன்பே சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை திரும்பி வரக்கூடாது. வந்தாலும் வேலை நிச்சயமில்லை. அந்தக் காலத்துத் தொளதொள ஸ்மாக் சட்டையை இந்த விதியோடு சேர்த்துப் பாருங்கள். கழுத்தில் பெரிய போ, முன்னால் ஏகப்பட்ட மடிப்பு. பத்து வயசுப் பாப்பாவின் ஃபிராக் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கத் தோன்றும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கோ அது ஃபேஷன் இல்லை. எத்தனை வாரம் மறைக்கிறதோ, அத்தனை வாரச் சம்பளம்.

1971-ல் ஜோ கரோல் லஃப்ளூர் என்ற டீச்சர், 'எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வருடப் பாடத்தை முடித்துவிட்டுப் போகிறேனே' என்றார். வாரியம் கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எதற்காக இந்த விதி? விதி வந்தபோது கல்வி அதிகாரியாக இருந்தவரே சாட்சி சொன்னார்: பிள்ளைகள் கிண்டலாகச் சிரித்தால் டீச்சருக்குச் சங்கடமாம். நாலாம் மாத முடிவு என்று கணக்கு வைத்ததும், அப்போதுதான் வயிறு தெரிய ஆரம்பிக்கும் என்பதால்தான். இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வர்ஜீனியா வழக்கில் பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவரின் கவலை இன்னும் அபாரம். 'எங்க டீச்சர் தர்பூசணியை முழுங்கிட்டாங்க' என்று பிள்ளைகள் பேசுகிறார்களே! 1974 ஜனவரியில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் டீச்சர்கள் ஜெயித்தார்கள். கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று 1978-ல் தனிச் சட்டமே வந்தது.

'அமெரிக்காக்காரன் இவ்வளவு மோசமா?' என்று உச்சுக்கொட்ட வேண்டாம். நம் ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் முதல் முறை கர்ப்பமானாலே வேலை போய்விடும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மிர்ஸா வழக்கில் 1981-ல் நம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று கடுமையாகச் சொன்னது. அதே தீர்ப்பில், வேலைக்குச் சேர்ந்த நாலு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை இல்லை என்ற விதி மட்டும் தப்பித்துக்கொண்டது.

சட்டம் வந்த பிறகும் அமெரிக்க அலுவலகங்களில் ஒரு சின்னப் பிரச்னை மிச்சமிருந்தது. கோட்டு சூட்டு உலகத்தில் கர்ப்பிணி எதைப் போட்டுக்கொண்டு மீட்டிங்குக்குப் போவது? கடைகளில் அப்போதும் போ வைத்த ஃபிராக்குகள்தான். ரெபெக்கா மத்தியாஸ் என்ற சிவில் இன்ஜினீயர் கர்ப்பமானபோது, கடைகடையாக அலைந்தும் ஆபீஸுக்கு ஏற்ற உடை கிடைக்கவில்லை. 1982-ல் பத்தாயிரம் டாலர் சேமிப்போடு ஃபிலடெல்ஃபியாவில் தபால் வழி வியாபாரம் ஆரம்பித்தார். கம்பெனி பெயர் 'மதர்ஸ் வொர்க்'. அம்மாக்கள் வேலை செய்கிறார்கள்! பின்னாளில் 'டெஸ்டினேஷன் மெட்டர்னிட்டி' என்று பெயர் மாறி, நூற்றுக்கணக்கில் கடைகள் திறந்து, 2019-ல் திவால் மனு கொடுத்தது.

இந்த நூறு வருடக் கதையில் எல்லோரும் வயிற்றைப் பற்றியே பேசுகிறார்கள், கவனித்தீர்களா? பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்புகிறவளைப் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்காவில் 1993-ல் வந்த சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது, சம்பளம் இல்லாமல். அதுவும் தனியார் துறையில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில்தான். தனியார் ஊழியர்களுக்கு நாடு முழுக்கச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு தரும் சட்டம் அங்கே இன்றும் இல்லை. நம் ஊரில் 2017-லிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம். விடுப்பை எடுக்க முடியாமல் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஓடிவருகிறவளின் உடை எது? பால் கசிந்தால் தெரியாத டார்க் கலர் பிளவுஸ். ஹேண்ட்பேக்கில் மாற்று பிளவுஸ் ஒன்று. முந்தானையை இழுத்து மூடி, இரண்டு பின். மதியம் மூணு மணிக்கு மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்போது ஒதுங்க, பாத்ரூம். பிள்ளை அங்கே பாட்டில் பாலுக்கு முகத்தைத் திருப்பியதா இல்லையா என்பதையே நினைத்துக்கொண்டு, இங்கே பேலன்ஸ் ஷீட்டைச் சரிபார்க்க வேண்டும். பாத்ரூம் அல்லாத ஓர் இடத்தைத் தாய்க்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது 2010-ல்தான். அதில் விட்டுப்போன லட்சக்கணக்கான பெண்களை உள்ளே கொண்டுவந்தது 2022 டிசம்பரில்.

டாமி டக்வொர்த் என்ற செனட்டர். ஈராக் போரில் ஹெலிகாப்டர் ஓட்டப் போய் இரண்டு கால்களையும் இழந்தவர். 2018 ஏப்ரல் 9 அன்று அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதவியில் இருக்கும்போதே பிள்ளை பெற்ற முதல் செனட்டர். செனட்டில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் அவைக்குள் நேரில் வந்தாக வேண்டும். கைக்குழந்தைக்கோ உள்ளே அனுமதி இல்லை. விதியை மாற்றலாமா என்று விவாதம் வந்தபோது, 'பத்துக் குழந்தைகள் வந்துவிட்டால் என்ன செய்வது?' என்று கவலைப்பட்டார் மூத்த செனட்டர் ஒருவர். கடைசியில் ஏப்ரல் 18 அன்று விதி மாறியது. மறுநாளே, பத்து நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டார் டக்வொர்த். செனட்டில் உடை விதி கண்டிப்பு, மேல் கோட்டு அவசியம். அவர் முன்கூட்டியே யோசித்து, பாப்பாவுக்கு ஒரு குட்டி ஜாக்கெட் போட்டுத்தான் அழைத்து வந்திருந்தார்.