தறியும் கதையும்

கோடை விடுமுறையில் கேட்பதற்கு எந்தப் புத்தகம் நல்லது என்று இப்போதெல்லாம் பலர் விசாரிக்கிறார்கள். கவனியுங்கள்: படிப்பதற்கு அல்ல, கேட்பதற்கு! கைப்பேசியில் யாரோ ஒருவர் நாவலை வாசித்துக்கொண்டே போவார். நாம் வடகம் பிழியலாம். புளியில் கொட்டை எடுக்கலாம். மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்து நட்சத்திரம் எண்ணலாம். ஒலிப் புத்தகம் என்று அதற்குப் பெயர். இது நேற்றுப் பிறந்த புதுமை என்று நினைப்பவர்கள் பள்ளிபாளையத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். 1997இல் நாமக்கல் மாவட்டம் பிறக்கும் வரையில் அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இரண்டு பொருள்களுக்கு அந்த ஊர் பேர்போனது. ஒன்று காகிதம். 1962இலிருந்து அங்கே சேஷசாயி காகித ஆலை நடக்கிறது. கரும்புச் சக்கையைக்கூடக் காகிதமாக்கிவிடுகிறார்கள். மற்றொன்று தறி. புத்தகம் அச்சடிக்கக் காகிதம் செய்கிற ஊரில், காகிதமே வேண்டாத புத்தகத்தைப் பற்றிப் பேசுவது சற்று விநோதந்தான். ஆனால் நான் சொல்ல வந்தது தறியைப் பற்றி.

கைத்தறிக்காரருக்குக் கைக்கும் காலுக்கும் ஓயாத வேலை. கண்ணுக்கும் வேலை உண்டு. காது மட்டும் சும்மா இருக்கும். நாடா ஓடுகிற சத்தம் ஒரு தாளம் போலக் கேட்குமே தவிர, பேச்சைக் கெடுக்காது. தார் சுற்றுகிற பெண்களுக்கும், வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிறவர்களுக்கும் அப்படியே. காலியாக இருக்கும் காதில் கதை வந்து உட்கார்ந்துகொள்வதில் என்ன ஆச்சரியம்?

கொங்கு நாட்டில் அந்தக் கதை பெரும்பாலும் அண்ணன்மார் கதையாக இருக்கும். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி. உடுக்கடித்துப் பாடுகிறவர் ஒரு ராத்திரியில் அதை முடித்துவிட முடியாது. பல ராத்திரிகள் பிடிக்கும். 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, அந்தக் கதை முழுவதையும் டேப்பில் பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். என்னைக் கேட்டால், கொங்குத் தமிழின் முதல் பெரிய ஒலிப் புத்தகம் அந்த டேப்புகள்தான் என்பேன். உடுக்கடிப் பாடகர் சொன்னதையே திரும்பச் சொல்வார். நடந்ததைச் சுருக்கி மறுபடி பாடுவார். அச்சில் படித்தால் அலுக்கும். நடுவில் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறவனுக்கோ அதுதான் உபகாரம்!

இந்த உபகாரத்தை உலகத்தில் வேறு சிலரும் அறிந்திருந்தார்கள். 1865இல் கியூபா தேசத்து ஹவானா நகரத்தில், சுருட்டுச் சுற்றுகிற தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு வாசகரை வைத்துக்கொண்டார்கள். அவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் படிப்பார். எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்களே வாக்கெடுத்துத் தீர்மானிப்பார்கள். அடுத்த வருஷமே கவர்னர் தடை போட்டார். கதை கேட்கிறவன் யோசிக்கவும் ஆரம்பித்துவிடுவான் என்று அவருக்குப் பயம் போலும். தடை நிலைக்கவில்லை. டூமா எழுதிய 'மான்டி கிறிஸ்டோ' நாவலில் அவர்கள் சொக்கிப்போனதன் அடையாளம், அந்தப் பெயரில் இன்றும் விற்கிற சுருட்டு. நம் பக்கத்து மலையாளத்தில், கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்களும் இதையே செய்தார்கள். ஒருவர் படிப்பார், அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பரிசு இருக்கிறதா?

பிறகு பள்ளிபாளையத்துக்கு விசைத்தறி வந்தது. துணி அதிகமாயிற்று, பலர் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விசைத்தறிக் கொட்டகையின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசச் சைகைதான் வழி. கதை முதலில் வெளியேறியது. வருஷங்கள் போகப் போகக் காதின் கூர்மையும் வெளியேறுகிறது. அந்த இரைச்சலை அமுக்குவதற்காகக் காதுக்குள் ஒலிப்பானைச் செருகி, இன்னும் பலமாகக் கதை வைப்பது, எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றுவது போல. கொட்டகைக்கு ஏற்ற புத்தகம் எதுவுமில்லை. அங்கே காதுக்கு வேண்டியது அடைப்பான்தான். கதையை வீட்டுத் திண்ணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

திண்ணையில் எதைக் கேட்பது? வர்ணனை மிகுந்த நாவல்களைத் தவிர்த்துவிடுங்கள். என் போன்றவர்கள் இரவெல்லாம் இழைத்து இழைத்து எழுதும் அடைமொழிகளைக் கடலைக்காய் உரிக்கிறவரின் காது தாங்காது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதைகளே உத்தமம். ஒரு வாரம் காத்திருந்து, பாதி மறந்துபோன வாசகரை மனத்தில் வைத்து எழுதியவை அவை. ஆகவே உடுக்கடிப் பாட்டின் குணம் அவற்றிலும் இருக்கிறது.

இந்த வித்தையில் மன்னரான கல்கி, அந்தப் பக்கத்துக்குப் புதியவர் அல்ல. ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் இருந்துகொண்டுதான், 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகைக்கு அவர் உழைத்தார். நூல் நூற்கிற ராட்டையின் ஓசையைத் தினமும் கேட்டவர். 1950இலிருந்து நாலு வருஷம் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை எத்தனையோ வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இன்று அதைக் குரல் வளம் உள்ள நடிகர்கள் படித்துத் தருகிறார்கள். ஐந்து பாகம். சித்திரை முதல் தேதி தொடங்கினால், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மூன்றாவது பாகத்தில் இருப்பீர்கள். புளி அத்தனையும் கொட்டை எடுத்து முடிந்திருக்கும்.