ட்ரெப்ளிங்கா: ஒரு புத்தகமும் ஒரு கேள்வியும்

பிரெஞ்சு வழியில் படித்ததில் எனக்குக் கிடைத்தது உத்தியோகம் மட்டுமல்ல. தூக்கத்தைக் கெடுக்கும் சில புத்தகங்களையும் மூலத்திலேயே படிக்க முடிந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், எழுபதுகளில், அப்படிப் படித்தது ‘ட்ரெப்ளிங்கா’. இரண்டே இரவில் முடித்தேன்.

1966-இல் பாரிசில் வெளியான நூல். எழுதிய ழான் பிரான்சுவா ஸ்டெய்னருக்கு அப்போது 28 வயது. தந்தையை அவுஷ்விட்ஸில் பறிகொடுத்தவர். முன்னுரை சிமோன் தெ பொவ்வார்.

ட்ரெப்ளிங்கா என்பது போலந்தில் நாஜிகள் நடத்திய கொலை முகாம். 1942 ஜூலையில் தொடங்கி ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 7 லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை அங்கே கொன்றார்கள். 1943 ஆகஸ்ட் 2 அன்று கைதிகள் கிளர்ந்தெழுந்து முகாமுக்குத் தீவைத்தார்கள். ஸ்டெய்னர் எழுதியது அந்தக் கதையைத்தான்.

புத்தகம் அமோகமாக விற்றது. சண்டையும் பெரிதாக வந்தது. யூதர்கள் ஆடுகளைப்போலக் கொலைக்களம் போனது தமக்கு வெட்கமாக இருந்தது என்ற பொருளில் ஸ்டெய்னர் பேட்டி கொடுத்தார். முகாமில் அடைபட்டு மீண்ட எழுத்தாளர் தவித் ரூசே கண்டித்தார். ட்ரெப்ளிங்காவில் உயிர் தப்பியவர்களுக்கோ கோபம் வேறு. ஸ்டெய்னர் அவர்களில் சிலரை நேரில் கண்டு விவரம் கேட்டுத்தான் எழுதினார். ஆனால் நிஜ மனிதர்களின் வாயில் தாமே வசனம் வைத்துவிட்டார். அவர்கள் மனதில் ஓடியதையும் தாமே எழுதினார்.

எனக்கு அப்போது இது தோன்றவில்லை. எங்கள் அலுவலகப் பியூன், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் கதை கேட்பார். இதையும் சொன்னேன், சரித்திரம் என்றே சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி, செத்தவன் மனசுல நெனச்சது இவருக்கு எப்படித் தெரியும்?” என்றார். ஏதோ சொல்லி மழுப்பினேன்.

பியேர் விதால்-நாக்கே பெரிய வரலாற்றாசிரியர். தாய், தந்தை இருவரையும் அவுஷ்விட்ஸில் இழந்தவர். அவரே 1966-இல் ‘லெ மோந்த்’ இதழில் இந்தப் புத்தகத்தை ஆதரித்து எழுதினார். பிறகு 1980-இல், விஷவாயு அறைகளே இல்லை என்று சாதித்தவர்களுக்குப் பதிலாக நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். ஸ்டெய்னர் வைத்த பொறியில் தாமும் விழுந்ததாக அதில் ஒப்புக்கொண்டார்.

அதைப் படித்தபோது பியூன் ஞாபகம்தான் வந்தது. அவர் அதற்குள் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டிருந்தார்.