ஒளிவுமறைவற்ற வாழ்வு: சேர்வராயன் மலையிலிருந்து சில சிந்தனைகள்

வெளிப்படைத்தன்மை பற்றி எழுத வேண்டும் என்று விழா மலர்க் குழுவினர் அன்போடு பணித்தார்கள். அரசியல் மேடைகளில் அன்றாடம் ஒலிக்கும் இந்தப் பண்பைப் பற்றி இயற்பியலும் நிலவியலும் சமயமும் கல்வெட்டும் சொல்வதைத் தொகுத்துத் தருவது என் நோக்கம். ஏற்காட்டின் எழிலும் காப்பி வந்த கதையும் நம்மவர் அறிந்தவை. எனவே அவற்றுள் புகவில்லை.

பனியும் பாறையும்

ஏற்காட்டின் பகோடா முனையில் மூடுபனி இறங்கும்போது எதிரே உள்ள மலை மறைந்துவிடுகிறது. பார்வை ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்தால் வானிலையாளர் அதை மூடுபனி என்பர். அதில் இருப்பவை நுண்ணிய நீர்த்துளிகளே. ஒவ்வொரு துளியும் ஒளி புகும் தெளிந்த நீர்தான். ஆயினும் ஒவ்வொன்றும் ஒளியைப் பல திசைகளில் சிதறடிப்பதால், கோடிக்கணக்கில் சேர்ந்ததும் அவை திரையாகிவிடுகின்றன. தெளிவானவை பல கூடியும் மறைக்கக்கூடும் என்பது இயற்பியல் தரும் பாடம்.

நம் காலடிப் பாறை இதற்கு நேர்மாறு. இம்மலை சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவில் 1693இல் மறைந்த ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைப் பாறை. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே 1893இல் இப்பாறைக்கு இட்டார். கையில் எடுத்தால் கருமை. வெயிலில் பிடித்தாலும் ஒளி நுழையாது. அதே கல்லை அறுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனமாகும்வரை தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் ஒளி ஊடுருவுகிறது. தட்டைச் சுழற்றச் சுழற்ற ஹைப்பர்ஸ்தீன் கனிமம் இளஞ்சிவப்பும் இளம்பச்சையுமாக நிறம் மாறுகிறது. பாறை பிறந்த வரலாற்றை நிலவியலாளர் அங்கே படிக்கிறார். பொறுமையாக உழைத்தால் இருண்ட கல்லும் தன்னைக் காட்டும்.

அருளாளர் நெறி

சைவ சித்தாந்தம் உயிரைப் படிகத்துக்கு ஒப்பிடும். தனக்கென நிறமில்லாத படிகம் அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டும். உயிரும் சார்ந்ததன் வண்ணமாகும்: மலம் என்னும் உயிரின் அழுக்கைச் சார்ந்தால் இருள், திருவருளைச் சார்ந்தால் ஒளி. வள்ளுவப் பெருந்தகையும் குறிப்பறிதல் அதிகாரத்தில், நெஞ்சில் மிகுந்ததைக் காட்டிவிடும் முகத்துக்குப் பளிங்கையே உவமையாக்கினார். 1872 தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபையில் வழிபாட்டைத் தொடங்கிவைத்த வள்ளலார், ஜோதியின் முன் ஏழு நிறத் திரைகளை அமைத்தார். அவை விலக விலக ஜோதி தரிசனம் கிடைக்கிறது. ஒளி என்றும் உள்ளது. திரை நம்முடைய அறியாமை.

உத்திரமேரூர் காட்டிய வழி

நான் பெரிதும் போற்றும் சான்று, உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஊர் நிர்வாகக் குழுக்களான வாரியங்களுக்கு உறுப்பினரை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. ஊர் குடும்புகள் என்னும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இளையோரும் முதியோருமாக மகாசபை கூடும். கோயில் அர்ச்சகர்களான நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண எடுத்து நிற்பார். உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். அவர் படித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் படிப்பார்கள். அதன் பிறகே பெயர் ஏற்கப்படும்.

விரித்த விரல்களைக்கூடக் கல்லில் எழுதிவைத்த முன்னோரின் நுட்பத்தை எண்ணி நெஞ்சு நிமிர்கிறது. யாரும் ஐயப்படும் முன்பே ஐயத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார்கள். அச்சபையில் நிலமுடைய அந்தணருக்கு மட்டுமே இடம் இருந்தது. இன்றைய கிராம சபையில் வாக்காளர் அனைவருக்கும் இடம் உண்டு. உரிமை விரிந்த அளவுக்குக் கணக்குக் காட்டும் கடமையும் வளர வேண்டாமா?

இக்காலத்துக்கு

தமிழ்நாடு 1997லேயே தகவல் பெறும் உரிமைக்குத் தனிச் சட்டம் கண்டது. 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கும் சட்டம் இயற்றியது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் பெறலாம் என்பதை அறிவோம். அதன் 4ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். அடிப்படை விவரங்களை எவரும் கேளாமலே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது அது. கேட்டபின் காட்டுவது சட்டத்துக்கு அஞ்சியும் நடக்கும். கேளாமல் காட்டுவதே அறம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைக்கு மலைக் கிராமத்தார் அனைவரும் செல்லுங்கள். எழுந்து நின்று கணக்குக் கேளுங்கள். தோட்ட உரிமையாளர்களே, காப்பிப் பழத்தைப் பறித்தவர் கண்முன் எடை போட்டு, எடையையும் கூலியையும் அப்போதே சொல்லுங்கள். விழாக் குழுவினரும் சங்கப் பொறுப்பாளர்களும் கட்டுக்கட்டாக ரசீதுகளை அடுக்கி வைப்பதோடு நின்றுவிட வேண்டாம். வரவு செலவை ஒரே தாளில், எல்லோருக்கும் விளங்கும் தமிழில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்த ஆண்டு விழாவிலிருந்தே தொடங்குவோம்.