120 பிலிம் கேமரா

சுமார் 6 செ.மீ. அகலமுள்ள பிலிம் சுருளில் படமெடுக்கும் கேமரா. மீடியம் பார்மட் என்பதும் இதுவே. கோடாக் நிறுவனம் இச்சுருளை 1901-இல் வெளியிட்டது. 1929-இல் வந்த ஜெர்மானிய ரோலைஃப்ளெக்ஸ் இரட்டை லென்ஸ் கேமராவுக்குப் பெயர் வாங்கித் தந்தது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் அதிகம் புழங்கியது ஜப்பானிய யாஷிகா. வீடுகளில், எளிய ஆக்பா கிளிக் 3. ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் ஊட்டியிலேயே தயாரானது. 1960-இல் நிறுவப்பட்ட அந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டது பேரிழப்பு.

சதுர நெகட்டிவ் 35 மி.மீ. பிலிமைப்போல மூன்றரை மடங்குக்கும் பெரியது. பென்சில் முனையால் முகத்தில் டச்சிங் செய்ய அந்த இடம் போதும்.

இரட்டை லென்ஸ் கேமராவின் அருமை திருவாரூரில், பங்குனி ஆழித்தேரோட்டத்தின்போது தெரியும். தேர் சுமார் 96 அடி உயரம். மேல் லென்ஸ் காட்சி காட்டும், கீழ் லென்ஸ் படமெடுக்கும். குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடவலம் மாறியிருக்கும்; வலப்பக்கம் நகரும் தேர் அதில் இடப்பக்கம் போகும். பழகாத கை தேரைத் தவறவிடும். கூட்டம் மறைத்தால் கேமராவைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, அண்ணாந்து பார்த்து எடுக்கலாம்.

ஒரு சுருளுக்குச் சதுரப் படம் 12தான். அதனால் வடம் இறுகி, சக்கரம் அசையும் கணம்வரை விரல் காத்திருக்கும். பன்னிரண்டும் முடிந்ததும் சுருளை நிழலில் கழற்றி, பிலிமோடு சுற்றிய காகித நுனியின் பசைப்பட்டையை நாக்கால் நனைத்து இறுக ஒட்ட வேண்டும். தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் ஏறிவிடும்.