அசரீரியும் மின்வாயும்: ஒலியனுபவத்தின் பொருளடிப்படை பற்றிய ஒரு குறிப்பு

பேசுவோர் எவருமின்றிக் குரல் கேட்கும் அனுபவத்தை நமது புராண மரபு அசரீரி எனப் பெயரிட்டு வானுலகுக்கு உரியதாக்கிற்று. இலக்கிய மாணவராகிய நாம் அதனை ஒரு காவிய உத்தி எனக் கூறி அமைந்துவிடுகிறோம். ஆயின் புறத்தே ஒலி எழாதவிடத்தும் மனிதர் ஒலி கேட்கக்கூடும் என்பதும், அவ்வனுபவம் உடலைச் சார்ந்ததே என்பதும் மின்னியல் வரலாற்றினூடாகப் படிப்படியாக நிறுவப்பட்டன.

1800 ஆம் ஆண்டில் இத்தாலியப் பௌதிகவியலறிஞர் அலெஸ்ஸான்ட்ரோ வோல்ற்றா, தாம் புதிதாக அமைத்த மின்கலவடுக்கின் முனைகளைத் தமது இரு காதுகளிலும் செருகிய உலோகக் கோல்களோடு இணைத்தார். தலையில் ஓர் அதிர்ச்சியும், அதனைத் தொடர்ந்து குழம்பு போன்ற ஏதோவொன்று கொதிப்பதையொத்த ஒலியும் ஏற்பட்டன. ஆபத்தென அஞ்சிய அவர் அச்சோதனையை மீண்டும் செய்யவில்லை. நிறுத்திக்கொள்ளும் உரிமை அவருக்கிருந்தது. 1874 இல் சின்சினாற்றியில், புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்டிருந்த மேரி ரபேட்டி என்ற அயர்லாந்துப் பணிப்பெண்ணின் மூளையில் ரொபேட் பார்தலோ என்னும் மருத்துவர் ஊசி செலுத்தி மின்னோட்டத்தைக் கூட்டியபோது, அவர் கடும் வேதனையுற்று வலிப்புக்குள்ளானார்; சில நாட்களில் இறந்தார். ஒலி பற்றிய செய்தி எதுவும் அங்கில்லை. எனினும் யாருடைய உடலின்மீது இவ்வறிவு ஈட்டப்பட்டது என்ற வினாவைத் தவிர்த்து இவ்வரலாற்றை எழுதுதல் இயலாது.

மொன்றியல் நரம்பியல் நிறுவகத்தை 1934 இல் நிறுவிய வைல்டர் பென்பீல்ட், வலிப்பு நோய்க்கு மூலமான இடத்தைக் கண்டறியும் பொருட்டே மின்வாயைப் பயன்படுத்தினார். மூளைக்கு வலியுணர்வில்லை. ஆகவே தலைத்தோலை விறைக்கச்செய்து மண்டையோட்டைத் திறந்தபின், நோயாளர் விழித்திருந்து தாம் உணர்வனவற்றைக் கூறினர். செவிப்புலன் வந்தடையும் மேற்பட்டைப் பகுதியை மின்வாய் தீண்டியபோது அவர்கள் கேட்டவை மணியோசை, ரீங்காரம், இரைச்சல் போன்ற எளிய ஒலிகளே. நெற்றிப்பொட்டின் உட்புறமாக அமைந்த சோணையின் ஏனைய பரப்பைத் தீண்டியபோதோ, சிலருக்குப் பழகிய குரல்களும் இசையும் கேட்டன. இளம்பெண் ஒருவர் வாத்தியக் குழுவொன்றின் இசையைக் கேட்டார். மின்வாயை எடுத்ததும் அது நின்றது. மீள வைத்தபோதெல்லாம் ஒரே இடத்திலிருந்து தொடங்கியது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் எவரோ கிராமபோனை இயக்குவதாகவே அவர் நம்பினார். சில நாட்களின் பின்னரும் அந்நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

கிராமபோன் என்னும் சொல்லை நாம் சற்று ஊன்றி நோக்கவேண்டும். வேறொரு காலத்தவராயின் தேவகானம் என்றிருப்பார். மின்னோட்டத்துள் இசை இல்லை. அது எந்த வாத்தியத்தையும் அறியாது. அவர் கேட்டது, அவர் வாழ்ந்த சமூகம் அவருள் ஏற்கெனவே இட்டுவைத்த இசை. அதற்கு அவர் கண்ட விளக்கமும் அச்சமூகத்தின் பண்டமொன்றே.

பென்பீல்டும் இதற்கு விலக்கானவரல்லர். ஒலிப்பதிவு நாடா போலவும், ஒலித்தடம் பொருந்திய திரைப்படச் சுருள் போலவும் மூளை அனுபவங்களைப் பதிந்துவைப்பதாக அவர் எழுதினார். இவ்வியந்திரவியற் பொருள்முதல்வாதத்துக்கு அவருடைய தரவுகளே முழுமையாக இடந்தரவில்லை. பெரோவுடன் இணைந்து 1963 இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, அச்சோணை தூண்டப்பட்ட 520 பேருள் 40 பேரே இத்தகைய அனுபவங்களைக் கூறினர். உணர்ச்சியோடு தொடர்புடைய ஆழ்ந்த மூளைப்பகுதிகளின் பங்கு இவ்வனுபவத்துக்கு இன்றியமையாதது என 1982 இல் அதே நிறுவகத்தைச் சேர்ந்த பியர் குளோரும் சகாக்களும் வாதிட்டனர். நாடாவுக்கோ உணர்ச்சி இல்லை.

இதனினும் வியப்புக்குரியது, 1975 இல் வெளிவந்த தமது நூலில் பென்பீல்ட் சென்றடைந்த முடிவாகும். மனத்தை மூளையின் செயலாக மட்டும் விளக்கமுடியாது என்றார் அவர். மின்வாயால் கை அசைந்தபோது, அதனைத் தாம் செய்யவில்லை, மருத்துவரே செய்தார் என நோயாளர் கூறியமை அவருக்கொரு சான்றாயிற்று. மூளையை நாடாவாகக் கருதியவருக்கு அந்நாடாவை இயக்க ஓர் ஆள் தேவைப்பட்டதில் வியப்பில்லை. முன்வாயிலில் விலக்கப்பட்ட ஆன்மா கொல்லைப்புறத்தால் வந்துசேர்ந்தது.

நோயாளரின் அனுபவம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிற்கால மருத்துவம் வேறொரு திசையிலிருந்து ஒளி தருகின்றது. 1979 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸும் ஹிற்செல்பேர்கரும், செவிநரம்பைக் கட்டியால் இழந்த ஒருவரின் மூளைத்தண்டில் மின்வாயைப் பொருத்தி ஒலியுணர்வை உண்டாக்கினர். பின்னர் இம்முறையைப் பெற்ற அத்தகையோருட் பெரும்பாலானோர், அவ்வொலியை மட்டும் கொண்டு பேச்சை விளங்கிக்கொள்ள இயலாதவராய், எதிரே இருப்பவரின் உதட்டசைவோடு அதனைப் பொருத்திப் பொருத்திப் பழகவேண்டியிருந்தது.