எண்ணப்படாத ஆண்டுகள்: கொட்டியாரக் கரையில் குடும்பத் திட்டமிடல்

இலங்கையின் குடும்பத் திட்டமிடல் வரலாறு பெரும்பாலும் வெற்றி வரலாறாகவே எழுதப்படுகிறது. 1975இல் மணமான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கருத்தடை முறையொன்றைக் கைக்கொண்டிருந்தனர். 1987இல் அது 62 வீதமாயிற்று. ஆனால் 1987, 1993ஆம் ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகள் வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தவிர்த்தே நடந்தன. மூதூர்ப் பிரதேசத்துக் கட்டைபறிச்சான் பெண்களும் கொட்டியாரக் குடாவின் அக்கரையிலுள்ள திருகோணமலை நகரப் பெண்களும் அந்த 62 வீதத்துள் அடங்கவில்லை. இங்கு குடும்பத் திட்டமிடலுக்கு முக்கியத் தடையாக நின்றவை தொலைவு, போர், நம்பிக்கையிழப்பு ஆகிய மூன்றும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இச்சேவையின் அடித்தளம் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு. வீடு தேடி வரும் மருத்துவமாதுவை மையமாகக் கொண்ட முறை அதிலிருந்தே வளர்ந்தது. 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் உருவானது. 1958இல் சுவீடனுடன் செய்த உடன்படிக்கையின்படி பண்டாரகமையிலும் மலையகத்தின் டயகம தோட்டத்திலும் முன்னோடித் திட்டங்கள் நடந்தன. 1965இல் அரசு இப்பணியைத் தனதாக்கிக்கொண்டது. 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஊக்கத்தொகை வந்தது. குறைந்த கூலி பெறும் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துப் பெறும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வியும் அதனுடன் வந்தது.

அதே பத்தாண்டில் கிழக்கு போருக்குள் சென்றது. மருத்துவமாதுவின் பதிவேடு அவரது பிரிவிலுள்ள குடும்பங்களுக்கானது. குடும்பம் இடம்பெயர்ந்தால் தொடர்பு அறுந்துவிடும். மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசி தவறினால் பாதுகாப்பும் தவறும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே ஊசி தவறி உண்டாகும் கருவைக் கலைக்கச் சட்டபூர்வமான வழி இல்லை. 2006இல் சம்பூர்ப் பகுதி மக்கள் வெளியேறினர். அவர்களில் பலர் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். மூதூரிலிருந்து நகருக்குச் செல்ல லோஞ்ச் ஏறவேண்டியிருந்தது, அல்லது தரைவழியே ‘பாதை’ எனப்படும் மிதவைகளில் துறை கடக்கவேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின்னரே தரைவழி இலகுவாகத் தொடங்கியது.

நகரத்தில் தொலைவு குறைவு, தடை வேறு. கிளினிக் பகல் வேளையில் நடக்கிறது, கூலிவேலையும் பகலில்தான். பக்கவிளைவு பற்றிய அச்சம், கணவரின் மறுப்பு, மாமியாரின் கண் ஆகியவையும் சேர்கின்றன.

பாலம் கட்டித் தீராத தடை நம்பிக்கையிழப்பு. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்குத் தோலடிக் கருத்தடைக் குச்சிகள் வற்புறுத்திப் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது, அதிகாரிகள் மறுத்தனர். 2019இல் குருநாகலில் சிங்களப் பெண்களுக்கு இரகசியக் கருத்தடை செய்ததாக முஸ்லிம் மருத்துவர் ஒருவர்மீது பழி சுமத்தப்பட்டது. மூவினமும் அருகருகே வாழும் திருகோணமலையில் இத்தகைய செய்திகள் எந்த இனத்துப் பெண்ணையும் கிளினிக் வாசலில் தயங்கவைக்கும்.

25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதல் குடித்தொகை, சுகாதார ஆய்வு 2016இல்தான் நடந்தது. மணமான பெண்களில் 65 வீதத்தினர் ஏதேனுமொரு முறையையும், 54 வீதத்தினர் நவீன முறையையும் பயன்படுத்தினர். ஆனால் ஊசியும் குளிசையும் கையிருப்பில் இருந்தால் மட்டும் சேவை நிறைவாகாது. பெண்ணின் மொழியில் விளக்கம், மறுக்கும் உரிமை, இடம்பெயர்ந்தாலும் தொடரும் பதிவு ஆகிய மூன்றும் கிடைக்கும்போதே கொட்டியாரக் கரைக்கும் அந்த வெற்றி வரலாறு பொருந்தும்.