டிக்கி கதவின் கதை: கனம் எங்கே போச்சு?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, அப்பா தலையில கார் டிக்கி கதவு விழுந்துடுச்சு. மூணு தையல். "காய்கறிப் பையை எடுக்கக் குனிஞ்சேன், அவ்ளோதான்டா"ன்னு அவர் சாதாரணமா சொல்லிட்டார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரலை. ஏன்னா தப்பு என்னோடது.

நான் ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது அப்பா வாங்கின எஸ்டேட் கார் அது (கம்பெனி பேர் வேணாம், விடுங்க). எஸ்டேட்னா, கூரை கடைசிவரை நீண்டு, பின்கதவு கண்ணாடியோட சேர்ந்து மேலே திறக்கும் வண்டி. நம்ம நாட்டுல டாடா எஸ்டேட் (1992), இண்டிகோ மரீனா (2004)னு சிலது வந்துச்சு. பெரிசா போணியாகலை.

கதவைத் தாங்குற ரெண்டு காஸ் ஸ்ட்ரட்டும் ரெண்டு வருஷம் முன்னாடி வலுவிழந்து போச்சு. புதுப்பேட்டைக்குப் போய், நீளம் ஒத்து வந்ததுன்னு வேற ஒரு பெரிய வண்டியோடதை வாங்கி மாட்டினேன். பலமா இருந்தா நல்லதுதானே? (இன்ஜினியரிங் டிகிரி வேற!) இப்போ உடைஞ்சது ஸ்ட்ரட் இல்லை. அது மாட்டியிருந்த பாடித் தகடு விரிசல் விட்டுக் கிழிஞ்சிருந்தது.

குற்ற உணர்ச்சியில இந்தக் கதவோட வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சேன். சுவாரசியமான கதைதான்.

ரயில் ஸ்டேஷன்ல இறங்குற ஆட்களையும் பெட்டிகளையும் ஏத்திட்டுப் போன வண்டிகள்லேர்ந்துதான் 'ஸ்டேஷன் வேகன்'ங்கிற பேரே வந்தது. 1929-ல் ஃபோர்டு தன் மாடல் ஏ வண்டியில் மர பாடியோட ஒண்ணு விட்டது. இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் ஒரே தலைவலி: பின்பக்கம் அகலமாத் திறக்கணும், ஆனா அவ்வளவு பெரிய கதவை யார் தூக்குறது? அமெரிக்காக்காரன் கதவை ரெண்டாப் பிரிச்சான். கீழ்ப்பாதி கீழே மடங்கும், கண்ணாடி மேலே போகும். 1953-ல் வந்த மோரிஸ் மைனர் டிராவலர் அலமாரி மாதிரி பக்கவாட்டில் திறந்தது. சிட்ரோயன் 1954-ல் டிராக்‌ஷன் அவான் கமர்ஷியால் வண்டிக்கு மேலே தூக்குற ஒரே கதவாப் போட்டது. 1961-ல் ரெனோ 4, 1965-ல் ரெனோ 16 வந்ததும், மேலே தூக்குற கதவு சாதாரணக் குடும்பங்களுக்கும் பழகிப் போச்சு.

தூக்கினது கீழே விழாம இருக்கணுமே? முட்டுக்கம்பி, கீல்ல சுருள்வில்னு என்னென்னவோ பண்ணாங்க. 1960-களில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்து ஸ்டேபிலஸ் கம்பெனி காஸ் ஸ்பிரிங்கை பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பிச்சது. ஒரு குழாய்க்குள்ள அழுத்தி அடைச்ச நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், ஓட்டை போட்ட பிஸ்டன். பிஸ்டனோட ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். ஆனா தண்டு இருக்கிற பக்கம் பரப்பு குறைவு. அதனால தண்டு எப்பவும் வெளியே தள்ளப்படுது. விஷயம் இவ்ளோதான். ஒத்தை விரல்ல டிக்கி திறக்குது.

ஆனா கனம் எங்கே போச்சு? ஒரு சின்னக் கணக்கு. கதவு 20 கிலோ, அதோட எடை மையம் கீலிலிருந்து அரை மீட்டர்னு வெச்சுக்குங்க. கீலுக்கும் ஸ்ட்ரட் தள்ளுற கோட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ. தான். அப்போ ரெண்டு ஸ்ட்ரட்டும் சேர்ந்து 65 கிலோவுக்கு மேல தள்ளியாகணும். கதவை மூடினா தண்டு உள்ளே போய், வாயு இன்னும் இறுகி, தள்ளு கூடும். வண்டி சும்மா நிக்கும்போதும் ராப்பகலா அந்தத் தகட்டைத் தள்ளிட்டே இருக்கும். வெயில்ல நிறுத்தி உள்ளே 30 டிகிரி 60 டிகிரி ஆனா, அழுத்தம் இன்னொரு பத்துல ஒரு பங்கு ஏறும். நம்ம கைக்குக் குறைஞ்ச கனம், ரெண்டு போல்ட்டைச் சுத்தின மெல்லிசான தகட்டுக்குப் போயிடுச்சு. அங்கே நான் கூடுதல் பலத்தைக் கொண்டு போய் மாட்டியிருக்கேன்!

ஒரே தடவையில உடையாத இரும்பு, திரும்பத் திரும்ப சின்னச் சுமை விழுந்தா உடையும். 1842-ல் பிரான்ஸின் வெர்சாய் பக்கம் ரயில் அச்சு முறிஞ்சு 50 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் 1850, 60-களில் ஆகஸ்ட் வோலர்ங்கிற ஜெர்மன் ரயில்வே இன்ஜினியர் அச்சுகளை வருஷக்கணக்கா சோதிச்சு இதை நிரூபிச்சார். செமஸ்டர்ல படிச்சு மார்க்கும் வாங்கினேன். டிக்கி கதவுல ஞாபகம் வரலை.

முதல்ல போன ஒர்க்‌ஷாப்ல "பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுடலாம் சார்"னாங்க. பட்டிக்குள்ளேயும் விரிசல் ஓடும். அப்புறம் கிடைச்ச டிங்கர் அண்ணன்தான் வேலை தெரிஞ்சவர். கதவுக்கு முட்டு கொடுத்து, ஸ்ட்ரட்டைக் கழட்டித் தூரமா வெச்சார் (அதைச் சூடாக்கவோ வெட்டவோ கூடவே கூடாது). பேட்டரி ஒயரையும் கழட்டினார். பெயிண்டைச் சுரண்டிப் பாத்தா, விரிசல் வெளியே தெரிஞ்சதைவிட ரெண்டு மடங்கு நீளம். அது முடியுற இடத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டார். கூர்முனை போயிட்டா விரிசல் மேற்கொண்டு ஓடாதாம். அப்புறம் வெல்டிங், பின்னாடி சுமையைப் பரப்ப 2 மி.மீ. தகடு, துருப்பிடிக்காம பிரைமர். கடைசியா அந்த வண்டிக்கே உரிய அளவுல ரெண்டு ஸ்ட்ரட்டும் ஜோடியாப் புதுசு.

இப்போ டிக்கி முன்ன மாதிரி 'டப்'னு துள்ளித் திறக்கலை. மெதுவா, பாதிக்கு மேலதான் தானாப் போகுது. அதுதான் சரியாம்.

அப்பா மட்டும் ஒரு மூங்கில் கம்பை டிக்கியிலேயே போட்டு வெச்சிருக்கார். காய்கறி எடுக்குறதுக்கு முன்னாடி அதை முட்டுக் கொடுத்துட்டுதான் குனியறார். "எதுக்குப்பா, அதான் சரி பண்ணியாச்சே?"ன்னு கேக்க வாய் வரலை.